புழு பிடித்த பொய்

டெலிபோன் அலறியது.

ஓர்னெல்லா உடனே எடுக்கவில்லை. மேஜைமேல் முந்நூறு வருடப் பழைய காகிதம் ஒன்று விரிந்து கிடந்தது. அதைப் பக்குவமாக மடித்து, உறையில் போட்டு, கையுறையைக் கழற்றுவதற்குள் எட்டு தடவை மணி அடித்துவிட்டது.

"மேல வாங்க. போலீஸ் வந்திருக்கு."

தலைவர் பொம்பிலியின் குரல். பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

ஃபெர்ராரா நகரத்தின் வஸ்ஸெல்லி கணிதக் கழகத்தில் ஓர்னெல்லா ஆவணக் காப்பாளர். வயது ஐம்பத்து நான்கு. இருபத்தாறு வருடமாக அந்தக் கட்டிடத்தின் அடித்தளத்தில், செத்துப்போன கணித மேதைகளின் கடிதங்களோடு குடித்தனம்.

மேலே போலீஸ் எதற்கு வந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மூன்று வாரச் சண்டை அது...

கழகத்துக்குப் பெயர் கொடுத்த ஜெரோலமோ வஸ்ஸெல்லி இந்த ஊர்க்காரர். பதினேழாம் நூற்றாண்டில், வளைந்த கோட்டுக்குள் அடங்கும் பரப்பை அளக்க ஒரு வழி கண்டுபிடித்தார். ஹாலந்தில், லைடன் நகரத்து டெக்கர் என்பவரும் அதே வழியைக் கண்டுபிடித்திருந்தார். யார் முதலில்? இரண்டு பேரும் கடிதத்திலேயே ஐந்து வருடம் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் 1643-ல் வஸ்ஸெல்லியே எழுதினார். 'உங்கள் தேதிகளைச் சரிபார்த்தேன். நீங்கள்தான் முதல். நான் தோற்றுவிட்டேன்.'

பொம்பிலிக்கு அந்தத் தோல்வி பிடிக்கவில்லை.

அவர் ஹோட்டல் முதலாளி. போன வருடம்தான் கழகத்தின் தலைவரானார். ஒரு கடிதக் கட்டின் நாடாவைக்கூட அவிழ்த்துப் பார்த்ததில்லை. ஆனால் அடுத்த மாதம் சதுக்கத்தில் வஸ்ஸெல்லிக்குச் சிலை. அமைச்சர் வருகிறார். பீடத்தில் 'உலகில் முதன்முதலாகக் கண்டவர்' என்று செதுக்கியும் ஆகிவிட்டது.

திடீரென்று ஒரு நாள் பொம்பிலி ஒரு பழைய கடிதத்தோடு வந்தார். தேதி 1636. வஸ்ஸெல்லியின் கையெழுத்து. கணக்கு முழுசாக அதில் இருந்தது. வெனிஸில் ஒரு வியாபாரியிடம் வாங்கியதாகச் சொன்னார். அசல்தான் என்று சான்றிதழில் கையெழுத்துப் போடச் சொன்னார்.

ஓர்னெல்லா போடவில்லை.

நேற்று, அந்த 1643 கடிதம் இருந்த உறை காலி. இன்று அவள்மேல் புகார், போலீஸ்.

மாடியில், இன்ஸ்பெக்டர் தமியானி ஆறிப்போன காபியைத் தள்ளி வைத்துவிட்டு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். கடித அலமாரிக்கு இரண்டு சாவி, ஒன்று ஓர்னெல்லாவிடம், இன்னொன்று தன்னிடம், தன்னுடையதைத் தொட்டதே இல்லை என்று பொம்பிலி சொன்னதை எழுதிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அவருடைய செல் சிணுங்கியது. வராந்தாவுக்குப் போனார்.

பொம்பிலி சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல மேடம். சான்றிதழ்ல ஒரு கையெழுத்து. புகாரை நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

ஓர்னெல்லா வாசலுக்கு வெளியே தெரிந்த படியைப் பார்த்தாள். கைவிலங்கோடு இந்தப் படியில் இறங்கினால் ஊர் முழுக்கச் சிரிக்கும். இருபத்தாறு வருடப் பெயர் ஒரே நாளில் போய்விடும்.

இருந்தாலும் அவள் நாற்காலியில் உட்காரவில்லை.

"தோத்துட்டேன்னு ஒரு மனுஷன் வாயைத் திறந்து ஒத்துக்கிட்டார். எத்தனை பேருக்கு அது வரும்? செத்த பிறகு அவரைத் திருடனாக்க நான் கையெழுத்துப் போடணுமா? கையை வெட்டினாலும் போடமாட்டேன்."

தமியானி திரும்பி வந்தார். ஓர்னெல்லா அவர் கேட்பதற்கு முன்பே பேசினாள். அந்த 1636 கடிதத்தை ஒரு தடவை பார்க்கும்படி கேட்டுக்கொண்டாள். பொம்பிலி வேண்டாவெறுப்பாக எடுத்து நீட்டினார். அவள் பூதக்கண்ணாடியை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தாள்.

"நடுவுல என்ன தெரியுது சார்?"

"ஓட்டை. புழு துளைச்சிருக்கு."

"அந்த வரியைப் படிங்க."

தமியானி குனிந்தார். நிமிரவே இல்லை. எழுத்து ஓட்டையின் விளிம்பு வரை வந்தது... ஒதுங்கியது... அந்தப் பக்கம் மறுபடி தொடங்கியது. ஓர் எழுத்துகூடச் சேதமில்லை.

"பழைய வெத்துத் தாள்ல, புழு தின்னு முடிச்ச பிறகு எவனோ எழுதியிருக்கான்" என்றாள் ஓர்னெல்லா. "புழு பின்னாடி எந்த இடத்துல வந்து தின்னும்னு வஸ்ஸெல்லிக்கு எப்படித் தெரியும்? அவர் கணக்குலதான் புலி. ஜோசியம் பார்த்ததில்லை."

பொம்பிலியின் முகம் வெளுத்தது. ஒரு நிமிடம்தான். தன்னையும் அந்த வெனிஸ்காரன் ஏமாற்றிவிட்டதாகப் புலம்பினார். பிறகு மெல்லப் புன்னகைத்தார்.

"சரி, இது போலி. போகட்டும். ஆனா வஸ்ஸெல்லி தோத்தார்ங்கறதுக்கும் இனிமே அத்தாட்சி கிடையாது. அந்தக் கடிதத்தைத் தொலைச்சது இந்த அம்மா. கைது பண்ணுங்க சார்."

தமியானி சங்கடமாக ஓர்னெல்லாவைப் பார்த்தார்.

"அந்தக் கடிதம் தொலையல சார்" என்றாள் அவள். "பத்திரமா இருக்கு. இன்னிக்குக் காலையில பார்த்தேன்."

"பொய்! சாம்பலைக்கூட நான்தான் கொட்..."

பொம்பிலி நிறுத்தினார்.

ரொம்பத் தாமதம்!

தமியானி நிதானமாகப் பேனாவைத் திறந்தார்.

"புகார்ல காணாமப் போச்சுன்னுதானே எழுதியிருந்தீங்க? சாம்பல் எங்கேர்ந்து வந்தது?"

பொம்பிலி பேச்சுக்குச் சொன்னதாகச் சமாளித்தார். அவருடைய நெற்றி வியர்வை அதை நம்பவில்லை.

"அப்போ இவர் கொளுத்தினது என்னது மேடம்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

ஓர்னெல்லாவின் குரல் முதல் தடவையாகத் தழுதழுத்தது.

"வரைவு சார். வஸ்ஸெல்லி எழுதிப் பார்த்துட்டுத் தன் கைவசம் வெச்சிருந்தது. 'தோத்துட்டேன்'னு மூணு தடவை எழுதி அடிச்சுட்டு, நாலாவது தடவை அடிக்காம விட்டிருந்தார். அது போச்சு. அதுக்கு ஈடே கிடையாது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனை நீட்டினாள். லைடன் காப்பகத்திலிருந்து அன்று காலை வந்த புகைப்படம். முத்துமுத்தான கையெழுத்து, அரக்கு முத்திரை, 1643.

பொம்பிலி எட்டிப் பார்த்தார். உதடு உலர்ந்தது.

"இது... எப்படி லைடனுக்குப் போச்சு?"

ஓர்னெல்லா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"தபால்ல சார். கடிதம்னா அப்படித்தான்... எழுதினவங்க அனுப்பிடுவாங்க!"