மாமனாரின் பெடல்

பார்சல் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. மேட்டுத் தெருவின் உச்சியில் இருக்கிற அந்தப் பழைய வீட்டின் வாசலில், கொண்டுவந்தவன் பெட்டியைத் தொப்பென்று போட்டான். "என்ன சார் இது, உள்ள கல்லா?" என்று கேட்டான்.

"மோட்டார்" என்றான் மாப்பிள்ளை. ராக்கெட் என்று சொல்லியிருந்தால்கூட அந்தக் குரலில் அவ்வளவு பெருமை இருந்திருக்காது.

மாப்பிள்ளை என்பது அவன் பெயரல்ல. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்த நாளிலிருந்து தெருவே அவனை அப்படித்தான் கூப்பிட்டது. மாமனார் மட்டும் வேறு பெயர் வைத்திருந்தார். பஞ்சுக்கால். வைத்ததில் தப்பொன்றும் இல்லை. ஆபீஸ் விட்டு வரும்போது பாதி மேட்டிலேயே சைக்கிளை விட்டு இறங்கி, நாக்கு தள்ள, வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவனை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது?

மாமனாரும் லேசுப்பட்ட ஆளில்லை. மனிதர்களைக் கால்களை வைத்து எடைபோடுகிற பிறவி. தன் கெண்டைக்கால் சதைக்குத் தினமும் தைலம் தேய்த்து, அதைத் தட்டிப் பார்த்துத் தானே ரசிப்பார். ஸ்கூட்டரில் போகிறவனைக் கண்டால் காறித் துப்புவார். தலை நரைத்த பிறகும் அந்த மேட்டை இறங்காமல் மிதித்து ஏறி, வாசலில் நின்று, கீழே தள்ளிக்கொண்டு வரும் மருமகனை ஆற அமர வேடிக்கை பார்ப்பார். "வாங்க மாப்பிள்ளை, வாங்க. சைக்கிள் உங்களை ரொம்ப அலைக்கழிக்குதோ?" என்பார். அந்த 'வாங்க'வில் இருக்கிற மரியாதையைக் கேட்டால் நாய்கூட எழுந்து போய்விடும்.

செத்ததும் சைக்கிளில்தான். ஒரு சாயங்காலம் மேடேறி வந்தவர், ஒரு காலைத் தரையில் ஊன்றி, கைகள் ஹேண்டில்பாரில் இருக்க, விறைப்பாக அப்படியே நின்றார். மகள் தண்ணீர்ச் செம்போடு வந்து தோளைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது. தெரு அதை ஏதோ போர்க்களத்தில் விழுந்த மாதிரி பேசிப் பேசி மாய்ந்தது. சைக்கிள் மிதித்துச் செத்ததற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று மாப்பிள்ளை நொடித்துக்கொண்டான், மனசுக்குள்தான். வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு என்றைக்குத் துணிச்சல் இருந்தது!

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த மேட்டை ஒரு தடவை, ஒரே தடவை, இறங்காமல் ஏறி வர வேண்டும். வாசலில் நிற்கிற மனைவி அதைப் பார்த்து, "பரவாயில்லையே" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயிலிருந்து அவன் கேட்டதெல்லாம் "அப்பான்னா இந்நேரம்" என்று தொடங்குகிற பேச்சுதான். அதற்காகத்தான் அந்தப் பெட்டி.

"அப்பா சைக்கிள்ல கை வைக்கப்போறீங்களா?" என்று அவள் கூடத்து வாசற்படியில் நின்று கேட்டாள்.

"சும்மா மாடிப்படிக்கு அடியில துருப்பிடிச்சுக் கிடக்கு. நான் அதுக்கு உயிர் குடுக்கறேன்."

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. மிதிக்கத்தான் ஆளில்ல." முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

மாப்பிள்ளை ராத்திரி பகலாக வீடியோ பார்த்துப் பொறியியல் கற்றவன். சக்கரத்துக்குள் வைக்கிற மோட்டார் சமதளத்துக்கு, பெடல் இருக்கிற நடுப்பகுதியில் வைக்கிற மோட்டார்தான் மேட்டுக்கு, அதுதான் செயினையே பிடித்து இழுக்கும் என்று யாரும் கேட்காமலே எல்லாருக்கும் வகுப்பெடுத்திருந்தான். வேலை என்று வந்தபோது பெடலைத் தாங்குகிற இரும்புக் கை, அந்தப் பழைய கிராங்கின் ஆணியைக் கழற்றுவதற்குள் கட்டைவிரலை இரண்டு முறை நசுக்கிக்கொண்டான். இடது பக்கத்துப் பெடலோடு மல்லுக்கட்டி, முகம் சிவந்து, சைக்கிளைக் கெட்ட வார்த்தையில் திட்டினான்.

"அந்தப் பக்கம் மரை தலைகீழா இருக்கும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அப்பா சொல்லுவார்."

"எனக்குத் தெரியும்!" என்று கத்திவிட்டு ஸ்பானரைத் திருப்பிப் போட்டான். பெடல் உடனே கழன்று வந்தது.

நடு அச்சை உருவி எடுத்தபோது ஒன்றைக் கவனித்தான். அச்சு சூடாக இருந்தது. மாதக்கணக்கில் இருட்டில் கிடந்த இரும்பு, இப்போதுதான் யாரோ மிதித்துவிட்டு வந்து நிறுத்திய மாதிரி கதகதவென்றிருந்தது. சுத்தியலால் அடித்த சூடு என்று சொல்லிக்கொண்டான். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கைவசம் வைத்திருக்கிற ஆள்.

மோட்டாரை நடுவில் பொருத்தி, பூட்டுமரையை இறுக்கி, பேட்டரியைச் சட்டத்தில் மாட்டினான். மோட்டாரோடு வந்த கிட்டில் புது பிரேக் கைப்பிடிகளும் இருந்தன. பிரேக் பிடித்த உடனே மோட்டாருக்குப் போகிற மின்சாரத்தை வெட்டிவிடுகிற வகை. ஆனால் மாமனாரின் சைக்கிளில் இருந்ததோ பழைய கம்பி பிரேக். அதில் இதைக் கோக்க முடியாது. கையேட்டில் பெரிய எழுத்தில் எச்சரித்திருந்தார்கள். "பயந்தாங்கொள்ளிகளுக்கு எழுதினது" என்று அந்தக் கைப்பிடிகளைப் பெட்டிக்குள்ளேயே தூக்கிப் போட்டான். பிரேக்கை ஒதுக்கிய வீரனைப் பாருங்கள்!

கிட்டோடு பெடல் வரவில்லை. அது எப்போதும் வருவதில்லை. புதிது வாங்க மேட்டிலிருந்து இறங்கிப் போய்த் திரும்ப ஏறி வர வேண்டும். அந்தச் சோம்பலில் மாமனாரின் பழைய பெடல்களையே எடுத்துப் புது கிராங்கில் முறுக்கினான். மாமனாரின் பாதம் அழுத்தி அழுத்தி அவற்றின் ரப்பர் ஒரு பக்கமாகக் குழிந்திருந்தது. முறுக்கும்போது குப்பென்று தைல வாசனை அடித்தது. ரப்பரில் ஊறிப்போயிருக்கும் என்று துணியால் துடைத்தான்.

பின் சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, ஹேண்டில்பாரில் இருந்த விசையைக் கட்டைவிரலால் அழுத்தினான். மோட்டார் முனகியது. செயின் வீல் சுற்றியது, பின் சக்கரம் சுழன்றது. பெடல்கள் அசையவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். இந்த வகை மோட்டார் செயினை இழுக்குமே தவிர, கிராங்கைச் சுற்றாது. காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ராஜா மாதிரி போகலாம். பெடல் சுற்ற வேண்டுமென்றால் ஒரு கால் மிதித்தால்தான் உண்டு.

"பாத்தியா?" என்று உள்பக்கமாகக் கத்தினான். விசையை விட்டான். மோட்டார் நின்றது, சக்கரம் மெல்ல ஓய்ந்தது.

அப்புறம் பெடல் சுற்றியது.

அவசரமே இல்லாமல், உட்கார்ந்தபடி யாரோ பதம் பார்க்கிற மாதிரி, ஒரு முழுச் சுற்று. மேலே வந்து நின்றது.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சென்சார் கோளாறு" என்று தலையாட்டிக்கொண்டான். சென்சார் பெடல் சுற்றுவதைப் பார்க்கும், பெடலைச் சுற்றாது என்பது அவனுக்கே தெரியும். அவன் எடுத்த வகுப்பில் அவனே சொன்னதுதான்.

சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்றே இல்லை. சைக்கிளை வெளியே எடுத்தபோது எதிர்வீட்டில் கடை போட்டிருந்த டெய்லர் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"என்ன மாப்பிள்ளை, மாமா வண்டிக்கு மோட்டாரா? அவர் இருந்திருந்தா உங்க கால ஒடிச்சு அடுப்புல வெச்சிருப்பார்."

"அவர் காலம் வேற அண்ணே. நான் ஏறி வர்றப்ப பாருங்க." உள்ளே திரும்பி, "வாசலுக்கு வா! கண்ணால பாரு!" என்று மனைவியைக் கூப்பிட்டான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "விழுந்து வெக்காதீங்க. எனக்கு ஆஸ்பத்திரிக்கு அலைய நேரமில்ல" என்றாள்.

இறங்குவது சுலபம். அடிவாரம் வரை போய்த் திருப்பி, விசையை அழுத்தினான். மோட்டார் முனகிக்கொண்டே வண்டியை மேட்டில் இழுத்தது. அடேயப்பா, என்ன சுகம்! கால்கள் அசையாத பெடல்களில் சும்மா இருந்தன. வழக்கமாக இறங்குகிற இடம், இடிந்த சுவர் ஓரம், வந்தது. தாண்டிப் போனது. மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தான். "மாமா! பாத்தீங்களா மாமா!" என்றுகூடச் சொன்னான்.

சொல்லியிருக்கக் கூடாது.

காலுக்கடியில் பெடல் நகர்ந்தது.

முதலில் அவன் தானே மிதித்துவிட்டதாக நினைத்துக் கால்களைத் தளர்த்தினான். பெடல் நிற்கவில்லை. அவன் கால்களைத் தூக்கிக்கொண்டு ஏறியது, இறங்கியது, ஏறியது. முன்னால் இருந்த சின்னத் திரையில் வேகம் கூடியது. பெடல் சுற்றுவதைக் கண்டுகொண்ட மோட்டார், அதுவும் தன் பங்குக்கு இழுத்தது.

விசையை விட்டான். நிற்கவில்லை.

பிரேக்கைப் பிடித்தான். கட்டைகள் கிறீச்சிட்டன. மின்சாரத்தை வெட்ட வேண்டிய கைப்பிடி வீட்டில் பெட்டிக்குள் பத்திரமாகத் தூங்கியது. மோட்டார் பிரேக்கை மீறி இழுத்தது.

குனிந்து பேட்டரி வயரைப் பிடுங்கினான். திரை அணைந்தது, முனகல் அடங்கியது.

சைக்கிள் இன்னும் வேகமாக ஏறியது.

இப்போது மோட்டார் சத்தம் இல்லை. செயினின் கரகரப்பும் அவன் மூச்சும் மட்டும்தான். அப்புறம் இன்னொரு மூச்சு, பிடரிக்குப் பின்னால், நிதானமாக, ஒரு இரைப்புகூட இல்லாமல். தைல வாசனை அவன் முகத்தை மூடியது.

குதித்துவிடலாம் என்று காலை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. கணுக்கால்களை இரண்டு கைகள் பிடித்திருந்தன. குளிர்ந்த, காய்த்துப்போன, பெரிய கைகள்.

"விடுங்க மாமா" என்று கெஞ்சினான். "தெரியாம செஞ்சிட்டேன். கழட்டிடறேன். விடுங்க, கால் போயிடும்."

காதோரத்தில் கிசுகிசுப்பு வந்தது.

"மோட்டார் வெச்சு ஏறவா பாத்தீங்க?"

அதே குரல், அதே மரியாதை.

முழங்கால் மளுக்கென்று சத்தம் போட்டது. தொடையில் நெருப்பு பற்றியது. அவன் கத்தினான். கத்தியது வெளியே வரவில்லை. கைகள் கணுக்காலிலிருந்து மெல்ல மேலே ஊர்ந்தன. கெண்டைக்கால், முழங்கால், தொடை. ஊர்ந்த இடமெல்லாம் வலி செத்தது. வலியோடு சேர்ந்து அந்த இடமும் அவனுடையது இல்லாமல் போனது. இடுப்பைத் தாண்டி நெஞ்சுக்கு வந்தபோது மூச்சு சீரானது. என்ன கொடுமை, அவ்வளவு நிதானமான மூச்சை அவன் வாழ்நாளில் விட்டதில்லை.

வீட்டு வாசல் வந்தது. ஒரு கால் தானாகத் தரையில் ஊன்றியது. முதுகு விறைத்து நிமிர்ந்தது.

டெய்லரின் மெஷின் நின்றது. அவர் எழுந்து, வாயைப் பிளந்து, மெதுவாகக் கடையின் பலகைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மனைவி வாசலில்தான் இருந்தாள். இத்தனை வருஷத்தில் அவன் பார்த்தே இராத ஒரு முகம். கண்கள் பளபளத்தன. உதடு துடித்தது. அந்த முகம் அவனுக்கென்று என்றைக்காவது மலராதா என்றுதானே இந்தப் பாடெல்லாம் பட்டான்! அவள் நேராக அவன் கண்ணைப் பார்த்தாள்.

"இறங்காமலே ஏறிட்டீங்களே" என்றாள். "பரவாயில்லையேப்பா."

நான்தான், நான்தான் என்று மாப்பிள்ளை உள்ளே முட்டி மோதினான். வாய் அவன் சொன்னபடி கேட்கவில்லை. அது வேறொன்றைக் கேட்டது, ஆற அமர.

"மாப்பிள்ளை எங்கேம்மா?"

அவள் தெருவின் இறக்கத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். உதட்டைச் சுழித்தாள்.

"எங்கயாவது பாதி மேட்டுல மூச்சு வாங்கிக்கிட்டு நிப்பார். வந்தா வரட்டும். நீங்க உள்ள வாங்கப்பா."

அவன் கால்கள் அவளுக்குப் பின்னால் உறுதியாக நடந்து உள்ளே போயின. படியைத் தாண்டியபோது, உள்ளே முட்டி மோதிக்கொண்டிருந்தது நழுவி வெளியே விழுந்தது. அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சற்று நேரம் கழித்து, இருட்டிப்போன மேட்டில் யாரோ மூச்சிரைக்க ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. அது வாசல் வரை வந்து நின்றது. கதவு தட்டப்பட்டது. மாப்பிள்ளையின் குரலில் அது அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது.

உள்ளே யாரும் எழுந்திருக்கவில்லை.