அடிக்கொரு செடி

ஆரின் டட்டிலின் இரண்டாவது மனைவியாக நான் அந்த வீட்டில் போய் இறங்கியது 1951 அக்டோபரில். இரண்டு அறை, ஓர் இரும்பு அடுப்பு, வெளியே தண்ணீர்த் தொட்டி. கதவைத் திறந்தால் எதிரே சாம்பல் நிறக் களிப்பாறை மேடுகள். அமெரிக்காவின் வறண்ட யூட்டா மாநிலத்தில் பிறந்து வளர்ந்த எனக்கே அந்த மேடுகளைப் பார்த்ததும் தொண்டை வறண்டது. மரம் கிடையாது, புல் கிடையாது. உப்புப் பூத்த மண்ணில் அங்கொன்றும் இங்கொன்றுமாக உப்புச்செடி மட்டும், வறட்டி தட்டியதுபோல் தரையோடு ஒட்டிக் கிடக்கும். குளிர்காலத்தில் எங்கள் ஆடுகளுக்கு அதுதான் தீனி.

ஆரினின் முதல் மனைவி ஜெல்பா நான்கு வருடங்களுக்கு முன் இறந்துவிட்டாள் என்று சொல்லித்தான் என்னைக் கட்டினார். உடல் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை.

தினமும் மதியச் சாப்பாடு ஆனதும் ஆரின் வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டுக்குப் போவார். மேட்டடிக்குப் போனதும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார். தேவாலயத்துக்குள் நுழைவதுபோல.

மூன்றாவது வாரம் நான் பின்தொடர்ந்தேன்.

ஒன்றுமே முளைக்காத சரிவு அது. அதில் ஒரே வரிசையாக உப்புச்செடிகள். இடது, வலது, இடது, வலது என்று அடிக்கொரு செடி. ஒவ்வொன்றும் ஒரு பாதத்தின் அளவு பள்ளத்தில், அந்தப் பள்ளத்தை நிறைத்து வளர்ந்திருந்தது. வரிசையின் இருபுறமும் கற்கள் அடுக்கியிருந்தன. ஆரின் குந்தி உட்கார்ந்து, சரிந்த ஒரு கல்லை நிமிர்த்திக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன.

இது அவளுக்கான இடம் என்று அப்போதே எனக்குப் பட்டது.

ஆடு மேய்க்கும் எலாதியோவிடம் கேட்டேன். ஸ்பெயின் மலையிலிருந்து வந்த பாஸ்க் இனத்தவன், ஆரினிடம் பத்து வருடமாக இருப்பவன்.

"அது ஜெல்பாம்மா போன வழி. மழை நாளு, சிதறின ஆடுங்களைத் திருப்பப் போறாங்கன்னு நினைச்சோம். இந்தச் சேறு செருப்பைப் பிடுங்கிக்கும்ல, வெறுங்காலோட போனாங்க. நாங்க தடத்தைப் பார்த்துட்டே போனோம். பாதி மேட்டுல தடம் நின்னுடுச்சு."

"நின்னுடுச்சுன்னா?"

"வலது கால் இருக்கு. அடுத்த இடது கால் இல்ல." சிலுவை போட்டுக்கொண்டான். "அடுத்த வசந்தத்துல ஒவ்வொரு தடத்துலயும் ஒரு செடி. என் ஆடுங்களுக்கு எவ்வளவு பசிச்சாலும் அதுல மட்டும் வாய் வைக்காது. நீங்களும் அந்தப் பக்கம் போகாதீங்க."

"ஏன், கடிக்குமா?"

அவன் சிரிக்கவில்லை.

எனக்கு ஆரின் ஒரு காட்டுப்பூகூடப் பறித்துத் தந்ததில்லை. அவள் மிதித்த மண்ணுக்கோ வேலி. அவர் பக்கத்தில் படுத்திருக்கும்போதெல்லாம் அந்த வரிசைதான் கண்ணில் நின்றது. செத்தவளோடு எப்படிப் போட்டி போடுவது? அவளுக்கு வயதாகாது. அவள் ரொட்டி தீய்ந்துபோகாது. அவள் எதிர்த்துப் பேசவே மாட்டாள்.

ஜனவரியில் ஆரின் தீவனம் வாங்க பிரைஸ் நகரத்துக்குப் போனார். திரும்ப மூன்று நாளாகும். அவர் வண்டி மறைந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். நல்ல உச்சி வெயில். கற்களை உதைத்துத் தள்ளினேன். முப்பத்தேழு செடிகள். வெட்டி, பிடுங்கி, கோணிப்பையில் அடைத்துக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன். உப்பு படபடவென்று வெடித்தது. எனக்கு அவ்வளவு நிம்மதி.

மூன்று மாதமாக மழையே இல்லை. ஆனால் சாயங்காலம் வீடு முழுக்க நனைந்த களிமண் வாசம்.

மறுநாள் காலை, மேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த வெறுந்தரையில் ஒரு செடி நின்றது. முளை அல்ல. தண்டு முறுக்கேறி, ஐம்பது வருடம் அங்கேயே நின்றதுபோல.

அதற்கு அடுத்த நாள் இரண்டு.

ஓர் அடி தள்ளி, வீட்டுப் பக்கமாக.

மூன்றாம் நாள் விடிந்தபோது துணி காயப்போடும் கயிறு வரை வந்துவிட்டன. நான் எண்ணவில்லை. எண்ணத் தைரியமில்லை.

மதியம் ஆரின் வந்தார். சாப்பிடாமல் மேட்டுக்குப் போனார். போனவர் தலையில் தொப்பியில்லாமல் ஓடிவந்தார்.

"நீயா பிடுங்கினே?"

"ஆமா, நாந்தான்! எத்தனை நாளைக்கு அவ மிதிச்ச மண்ணைக் கும்பிடுவீங்க? நான் இங்க யாரு? சமையக்காரியா?"

அவர் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

"கும்பிட்டேனா?" குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "வெர்டா, நான் அவளை அடைச்சு வச்சிருந்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"அவ ஆடு திருப்பப் போகல. சண்டை போட்டுட்டுப் போனா. என் தங்கச்சி ஒரு வாரம் வந்து தங்கினதுக்கே, அந்தப் பொண்ணு குடிச்ச குவளையைப் பொறாமையில உடைச்சவ ஜெல்பா. வாசல்ல நின்னு சொன்னா, 'நான் திரும்பி வருவேன். உன் பக்கத்துல என் இடத்துல எவளாவது இருந்தா, பார்த்துக்கோ'ன்னு. அதுக்கப்புறந்தான் அந்தச் செடிங்க வந்துச்சு. எனக்கு வேற என்ன தெரியும்? கல்லை வச்சேன். ஜெபம் பண்ணினேன். கல்லைத் தாண்டி ஒரு செடிகூட வரல. அந்தத் தைரியத்துலதான் உன்னைக் கட்டினேன்."

எனக்குப் பயம்தான். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயத்துக்கு நடுவில் என் மனசின் ஒரு மூலை துள்ளியது. அவர் அவளை நேசிக்கவில்லை! நான்தான் ஜெயித்தேன்.

அப்போது கூரைத் தகரத்தில் முதல் துளி விழுந்தது.

ஆரின் எழுந்து சன்னலருகே போனார். வாசற்படிக்குக் கீழே இரண்டு செடிகள், பக்கத்தில் பக்கத்தில். யாரோ நின்றுகொண்டு கதவைத் தட்டலாமா என்று யோசிப்பதுபோல்.

"பின்பக்க சன்னல் வழியா," என்றார். "சத்தம் போடாதே."

உடுத்திய துணியோடு வண்டியில் ஏறினோம். அரை மைல் போவதற்குள் பாதை களியாகிவிட்டது. சக்கரம் சுழன்று சுழன்று புதைந்தது. ஆரின் இறங்கிப் பின்னால் போய்த் தள்ளினார். நான் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன்.

பின்னால் காட்டும் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. அவருக்குப் பின்னால் ஈரமான தரை.

தரையில் ஒரு பள்ளம் விழுந்தது.

அதற்கு முன்னால் இன்னொன்று. ஐந்து விரல்களும் தெளிவாக.

மழைநீர் அதை நிரப்புவதற்குள் அடுத்தது.

"ஏறுங்க!" என்று அலறினேன். "திரும்பிப் பார்க்காம ஏறுங்க!"

சக்கரம் ஏதோ ஒரு கல்லைப் பிடித்தது. வண்டி எகிறியது. அவர் ஓடிவந்து தொற்றி ஏறியபோது வலது கால் பூட்ஸ் சேற்றிலேயே போயிருந்தது. கணுக்காலில் நாலு விரல் அகலத்துக்குச் சாம்பல் பட்டை. அதை நாங்கள் இருவரும் பார்த்தோம். நான் வண்டியை விரட்டினேன்.

எலாதியோவுக்குச் சொல்லி அனுப்பி ஆடுகளை விற்றோம். அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை. பிரைஸ் நகரத்தில் ரயில்வே பட்டறையில் அவருக்கு வேலை கிடைத்தது. இரண்டு பெண்கள் பிறந்தார்கள். வாசலில் பச்சைப் புல்தரை, ரோஜா. பதினேழு வருடம். ஒருநாள்கூட அவள் பெயரை நாங்கள் உச்சரிக்கவில்லை. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நல்ல காலம் அதுதான்.

1969 இலையுதிர் காலத்தில் ஆரின் மாரடைப்பில் போனார். ஊர் இடுகாட்டில் அடக்கம் செய்தோம். வாய்க்கால் தண்ணீர் பாயும் நல்ல இடம், கண்ணுக்கெட்டிய வரை புல். அவருக்கு இடது பக்கம் எனக்கென்று ஓர் இடத்தை எழுதி வைத்தேன்.

வசந்தத்தில் பூ எடுத்துக்கொண்டு போனேன். இடுகாட்டைப் பராமரிக்கும் ஹைரம் என்னைப் பார்த்ததும் தொப்பியைத் திருகினான்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. அந்த இடத்துல மட்டும் புல் நிக்க மாட்டேங்குது. மூணு தடவை விதைச்சாச்சு. மண்ணைக்கூட மாத்திப் பார்த்தேன்."

போய்ப் பார்த்தேன்.

ஆரினின் மேல் புல் பச்சையாக இருந்தது. அவருக்கு இடது பக்கத்தில், ஒரு பெண் கால் நீட்டிப் படுக்கும் நீளத்துக்கு, வெடித்த சாம்பல் மண். அதன்மேல் உப்புச்செடி நெருக்கமாகப் படர்ந்திருந்தது. ஒரு கிளை மட்டும் எல்லையைத் தாண்டி, அவர் நெஞ்சிருக்கும் இடத்தில் கை போட்டதுபோல் கிடந்தது.