நோட்டீசில் நாலு மணி

அங்கம்மா அக்கா அன்றைக்குச் சொல்லிக்கொள்ளாமல் போனாள்.

சின்ன விஷயம்தான். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், தயானியின் வீட்டுக்குப் பக்கத்துக் காம்பரா அவளுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். சீனிக்கு, தீப்பெட்டிக்கு, ஒன்றும் இல்லாவிட்டால் வாய் பேச என்று பொழுதுக்கும் வருவாள். ஒவ்வொரு தடவையும் "சரி புள்ள, போயிட்டு வர்றேன்" என்று சொல்லாமல் படி இறங்க மாட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தவள், ஒரு சுளகில் பச்சரிசியும் தேங்காயும் கொண்டுவந்து அடுப்போரம் வைத்தாள். தயானியின் கன்னத்தைப் புறங்கையால் தடவினாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நடந்தாள். சாவு வீட்டிலிருந்து எழுந்து போகிறவர்கள்தான் அப்படிப் போவார்கள்.

"என்னக்கா, அரிசி எதுக்கு?"

"எடுத்ததுக்கு அப்புறம் வந்தவங்களுக்கு ஆக்கணுமில்ல," என்றது அங்கம்மாவின் குரல், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

யாரை எடுக்கிறார்கள் என்று தயானிக்கு விளங்கவில்லை. வாசலில் வந்து நின்றாள். ஹல்துமுல்லை டவுனுக்கு மேலே அந்த மலையில் பகலிலேயே மூடுபனி இறங்கிவிடும். எதிர் லயத்தின் தகரக் கூரை பாதிதான் தெரிந்தது. அந்தக் கூரையில் புகை இல்லை. எந்தக் கூரையிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கறி மணம் லயத்தையே தூக்குகிற நேரத்தில் ஈரச் சாக்கு மணமும், நேற்றைய மழையில் ஊறிய தேயிலைச் செடிகளின் மணமும், அவற்றுக்கு அடியில் எங்கோ புதிதாகக் கிளறிய மண்ணின் குளிர்ந்த மணமும் வந்தன. மயானப் பக்கமிருந்து மண்வெட்டிச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

தோட்டத்தின் மேல்பிரிவில் யார் கண்ணை மூடினாலும் முதலில் தெரியவேண்டியது தயானிக்கு. பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை போக, 'மேல்பிரிவு உறவுகள்' என்ற பேஜை அவள்தான் நடத்தினாள். தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்பில் கடைகளிலும், கட்டாரிலும் குவைத்திலும் வீட்டு வேலையிலும் சிதறிக் கிடந்தார்கள். சாவுச் செய்தி அவர்களுக்கு அந்த பேஜ் வழியாகத்தான் போய்ச் சேரும். கறுப்புக் கரை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் படம், கீழே அடக்கம் செய்யும் நேரம். போன மாதம் கருப்பம்மா செத்தபோது கட்டாரிலிருந்து அவள் மகள் எழுதியிருந்தாள்: 'அக்கா, ஒங்களாலதான் அம்மா மொகத்தக் கடைசியாப் பாத்தேன்.' அந்த ஒரு வரிக்காகவே தயானி இதைச் செய்துகொண்டிருந்தாள். சும்மா சொல்லக்கூடாது, பேஜ் இருந்த அந்த இணையத் தளம் அவளைப் படுத்தியும் எடுத்தது. காரணம் சொல்லாமல் போஸ்டைத் தூக்கும். கேட்டால் பதில் வராது. வந்தால் எல்லோருக்கும் அனுப்புகிற அதே இரண்டு வரி.

வேலை சுலபமாக இருக்கட்டும் என்று அவள் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். ஒரு நோட்டீஸை அழித்து அடுத்ததைச் செய்வதில்லை. அதே கறுப்புச் சட்டத்தில் மாதிரிக்குத் தன்னுடைய படம் ஒன்றைப் போட்டு வைத்திருப்பாள். முகம் நடுவில் சரியாக உட்கார்ந்த படம். ஆள் செத்ததும் தன் முகத்தை எடுத்துவிட்டு அவர்கள் முகத்தை வைத்தால் அளவு பிசகாது. கொழும்பில் வேலை பார்க்கும் அவள் புருஷன் ஜீவன் ஒருமுறை பார்த்துவிட்டு, "ஏன் புள்ள, வேற படமே கெடைக்கலயா ஒனக்கு?" என்று கடிந்துகொண்டான். அவள் சிரித்துவிட்டு அப்படியே விட்டாள்.

இரவு மழையில் போன கரண்ட் அப்போதுதான் வந்தது. சார்ஜில் கிடந்த போன் உயிர் பெற்று மேசைமேல் அதிர ஆரம்பித்தது. நிற்கவில்லை. மேசை விளிம்புவரை நகர்ந்து போயிற்று.

கண்ணீர் அஞ்சலி. நடுவில் அவள் முகம்.

பெயரும் அவளுடையதுதான். நல்லடக்கம் மாலை நாலு மணிக்கு, தோட்ட மயானத்தில். விடியற்காலையில் போடப்பட்டிருந்தது. அந்த நேரம் அவள் போன் செத்துக் கிடந்தது. பேஜைத் திறக்க வேறு யாருக்கும் வழி இல்லை.

அழிக்கப் போனாள். 'இந்தக் கணக்குக்கு உரியவர் மறைந்துவிட்டார்' என்று வந்தது. உறவினர் என்றால் மரணச் சான்றிதழை அனுப்பவும். உயிரோடிருப்பவர் அழுத்த ஒரு பட்டன் இல்லை. தேடித் தேடி, உள்ளே ஒரு மூலையில், முகத்தைக் காட்டி உறுதி செய்யும் இடத்தைக் கண்டுபிடித்தாள். இடப்பக்கம் திரும்பவும். திரும்பினாள். வலப்பக்கம். கண்களை மூடவும். மூடினாள். திறக்கச் சொல்லி வரும் என்று இருட்டுக்குள் காத்திருந்தாள். வரவில்லை. தானே திறந்தபோது 'நன்றி, உறுதி செய்யப்பட்டது' என்று இருந்தது. நோட்டீஸ் அப்படியே இருந்தது.

கீழே ஆட்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். தங்கமான பொண்ணு. எங்க குடும்பத்துக்கு நீங்க செஞ்சத மறக்க மாட்டோம். அவளை ஒருநாளும் ஏறெடுத்துப் பார்க்காத தோட்ட ஆபீஸ் கிளாக்கர் ஐயா மூன்று பூங்கொத்துப் படம் போட்டிருந்தார். 'சாப்பிட்டியா'வுக்கு மேல் பேசத் தெரியாத ஜீவன், கொழும்பிலிருந்து, ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தான். பெண் பார்க்க வந்த அன்று அவள் கட்டியிருந்த பச்சைப் புடவை அவனுக்கு ஞாபகமிருந்தது. தயானி அதை இரண்டுமுறை படித்தாள். கண் நிறைந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், இது அழிந்துவிடக் கூடாதே என்று தோன்றியது.

அந்த நினைப்புதான் அவளை முதலில் பயமுறுத்தியது.

ஜீவனுக்குப் போனில் கோல் எடுத்தாள். பஸ் இரைச்சலுக்குள் அவன் குரல் கேட்டது.

"என்னங்க, நான் தயானி. நல்லாத்தான் இருக்கேன். யாரோ வெளாடிட்டாங்க."

"தெரியும் புள்ள," என்றான். அழுது ஓய்ந்த குரல். "ஒன் கொரல் தெரியாதா எனக்கு? ஆனா போட்டாச்சே. மொதலாளி காரு தர்றேன்னாரு, நான்தான் பஸ்ஸுல வந்துர்றேன்னு ஏறிட்டேன். பெலிஹுல் ஓயா தாண்டியாச்சு."

"எடுக்கச் சொல்லி எழுதுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"யாரு எடுக்குறது? நீதானே அதெல்லாம் பாக்குறது."

"ஜீவன்…"

"நாலு மணின்னு போட்டுருக்கு. அதுக்குள்ள வந்துருவேன். நான் வராம எடுக்க வேணாம்னு அங்கம்மா அக்காகிட்ட சொல்லு."

வைக்கிறேன் என்று சொல்லாமல் வைத்தான்.

சுவரைத் தட்டினாள். அங்கம்மா உடனே வந்தாள். பின்னால் நாலைந்து பெண்கள், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு. அவர்கள் தயானியைப் பார்க்காமல் இல்லை. பார்த்தார்கள். கண்ணுக்குக் கண் பார்த்து, பாவம் என்று தலையசைத்தார்கள். பாதையில் வெள்ளைக் கொடி கட்டியாயிற்று. தப்பு மேளம் அடிக்கிறவர்கள் தீ மூட்டித் தோலைக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். தட்டிப் பார்க்கும் ஒற்றை அடி பனிக்குள் வந்து விழுந்தது.

"அக்கா, நான் உசுரோடதானே நிக்கிறேன். நீங்களாவது சொல்லுங்கக்கா."

"நான் இல்லங்கிறேனா? காலையில நானும் அதத்தான் சொன்னேன். அதுக்குள்ள பயலுக குழி வெட்டிட்டானுக." அங்கம்மா அவள் தோளை அணைத்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது. "வெட்டுன குழியச் சும்மா மூட முடியுமா புள்ள? லயத்துல புள்ளகுட்டிங்க இருக்கு. ஒனக்குத் தெரியாததா?"

தெரியும். வெறுங்குழியை மூடினால் அது லயத்தில் வேறொருவரைக் கேட்கும் என்பார்கள். பிள்ளை மடுவத்துக் குழந்தைகளை நினைத்தாள். அதை நினைத்திருக்கக் கூடாது. கால் அந்த இடத்திலேயே கனத்துப்போயிற்று.

ஓடலாம். வாசல் இருந்தது. வாசலை அடைத்துச் செருப்புகள். செருப்புகளுக்கு அப்பால் ஆட்கள். பனிக்குள்ளிருந்து இன்னும் ஆட்கள், குடையோடு, மாலையோடு, கீழ்ப்பிரிவிலிருந்து, மொனராகலையிலிருந்து வேன் பிடித்து. "எவ்வளவு சனம் பாரு," என்று ஒருத்தி பெருமையாகச் சொன்னாள். ஒவ்வொருவர் கையிலும் போன் வெளிச்சம். ஒவ்வொரு வெளிச்சத்திலும் அவள் முகம்.

ஜீவன் வந்தான். ஆட்கள் வழி விட்டார்கள்.

அவளை ஓடிவந்து கட்டிக்கொண்டான். பஸ் மணம், வியர்வை, மழை. அவன் நெஞ்சு அடிப்பது அவளுக்குக் கேட்டது. தன்னுடையதும் கேட்டது. பிழைத்தேன் என்று நினைத்தாள். அவன் அவளைக் கைத்தாங்கலாகக் கட்டில் பக்கம் நடத்தினான். வெள்ளைத் துணி விரித்திருந்தது. தலையணையைத் தட்டிச் சரிசெய்தான்.

"கொஞ்சம் படுத்துக்க புள்ள," என்றான். "வந்தவங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்க."

வெளியே தப்புச் சத்தம் நின்றது.

கத்தப் பார்த்தாள். தாடை அசையவில்லை. கன்னத்தின் இரண்டு பக்கமும் ஏதோ இறுகியது. தொட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை. தோல்தான்.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. பூட்டிக் கிடந்த பேஜ் தானே திறந்து நேரலை ஓடியது. இந்த அறைதான். இந்தக் கட்டில். இந்த ஆட்கள். கட்டிலில் தயானி படுத்திருந்தாள், கண் மூடி, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, கால் பெருவிரல்கள் சேர்த்து முடிந்து. இதயங்கள் திரையில் கீழிருந்து மேலே மிதந்துகொண்டே இருந்தன.

நிமிர்ந்தாள்.

கட்டில் காலியாக இருந்தது. அங்கம்மாவின் கையில் கிழித்த வெள்ளைத் துணி. அறை நிறைய ஆட்கள். எல்லோரும் போனைப் பார்த்தார்கள், மெல்லத் தலை நிமிர்ந்து கட்டிலைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். பொறுமையாக நின்றார்கள்.