தங்கமாரியப்பனுக்கு ஒரு பெட்டி

புதுக் கயத்தாற்றில் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் வீட்டை நிமிர்த்த வேண்டும். சனிக்கோளைச் சுற்றும் டைட்டன் என்கிற அந்தத் துணைக்கோளில் மண் கிடையாது. கல்லாக இறுகிய பனியின்மேல்தான் வீடுகள் கால் ஊன்றி நிற்கின்றன. உள்ளே ஆள் மூச்சுவிட்டால் சூடு, அடுப்பைப் பற்றவைத்தால் சூடு. அந்தச் சூடு வீட்டின் கால்கள் வழியே கீழே இறங்கி, ஏதாவது ஒரு மூலையில் பனி இளகி, தூங்கி எழுவதற்குள் வீடு இரண்டு விரல்கடை சாய்ந்திருக்கும். எழுந்ததும் தரையிலுள்ள மூடியைத் திறந்து, ஜாக்கியைச் சுற்றி, கிண்ணத்தில் தண்ணீர் வைத்து மட்டம் பார்ப்பார்கள். அதற்கப்புறம்தான் காபி.

அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை வாட்தான் என்று ஒரு வெப்பப் பங்கு உண்டு. ஒரு விளக்கு புதிதாக வாங்குவதென்றாலும் குடும்பமே உட்கார்ந்து பேசும். கணினி என்றால் கேட்கவே வேண்டாம். பூமியிலிருந்து ஒரு வார்த்தை வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் ஊரில், யோசிக்கிற வேலையெல்லாம் வீட்டுக்குள்ளேயே நடந்தாக வேண்டும். அதற்காகவே சோப்புப் பெட்டியளவில் குறுங்கணினிகள் வந்திருந்தன. கையகலத்துக்குள் ஒரு செயற்கை நுண்ணறிவு. ஜனங்கள் அதைப் பெட்டி என்று மட்டும் சொன்னார்கள்.

தங்கமாரியப்பன் வீட்டில் இப்போது ஜாக்கி சுற்றுவது அவர் மனைவி சண்முகக்கனி. அவர் கட்டிலில் கிடந்து கொதித்துக்கொண்டிருந்தார். அந்தக் கொதிப்பு மட்டும் எந்த வாட் கணக்கிலும் வரவில்லை.

இருபது நாளுக்கு முன் மூளையில் ஒரு நாளம் அடைத்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. மற்றவர்கள் பேசுவது அட்சரம் பிசகாமல் புரிந்தது. நினைப்பதெல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தால் மட்டும் "கிடுகு, கிடுகு" என்று ஒரே ஒரு சொல் வந்தது. இடது கையால் எழுதப் பார்த்தாலும் அதே கிடுகுதான். தென்னையே இல்லாத டைட்டனில் ஓலை முடைந்த கிடுகுக்கு எங்கே போவது? இத்தனைக்கும் அவர் சாதாரண ஆள் இல்லை. மீத்தேன் பம்பு நிலையங்களில் இருபத்தாறு வருஷம் பெட்டி பொருத்தியவர். அவர் வாய்க்குப் பயந்தே அங்கே யாரும் திருகாணியை அரைகுறையாக முடுக்க மாட்டார்கள்.

டாக்டர் மெர்சி வழி ஒன்று சொல்லியிருந்தாள். தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளால் பின்னிய சொல்வலையை அவர் தலையில் மாட்ட வேண்டும். வாய்க்கு வராத பேச்சை அது மூளையிலேயே பிடித்துவிடும். பிடித்ததைப் பேச்சாக்க ஒரு பெட்டி வேண்டும். சொல்வலை ஒரு பெட்டியோடு பழகிவிட்டால் அப்புறம் வேறு பெட்டிக்குப் பழகாது, சாகும்வரை அதுதான். நாற்பத்தைந்து நாளுக்குள் பழக்கியாக வேண்டும். அதற்குப்பின் மூளை அந்தப் பாதையையே மூடிவிடும். பெரிய பெட்டியெல்லாம் தேவையில்லை, எதுவானாலும் சரி, நாளைத் தள்ளாதீர்கள் என்று அவள் மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

நாளைத் தள்ளாதே என்றால் நம்மவர்களுக்குக் காது அடைத்துக்கொள்ளும். சண்முகக்கனியின் தம்பி சுடலைமணி அன்றைக்கே வந்து சுவர்த் திரையில் ஒரு அட்டவணையைப் போட்டான். முதலில் எட்டுப் பெட்டிகள், அடுத்த நாள் பதினான்கு, மூன்றாம் நாள் முப்பத்தொன்று. இதில் நினைவகம் ஜாஸ்தி, ஆனால் சூடு. அதில் சூடு இல்லை, விசிறிச் சத்தம் காது கிழிகிறது. இன்னொன்றில் எல்லாம் சரி, பின்பக்கம் துளைகள் நாலுதான். நாலு துளை எப்படிப் போதும் என்று பக்கத்து வீட்டு ஆறுமுகநயினார் கேட்டார். எதற்குப் போதாது என்று அவருக்கும் தெரியாது. சனியின் வளையத்துத் தொழிற்சாலையிலிருந்து அடுத்த கப்பலில் புது மாடல் வருகிறதாம், கொஞ்சம் பொறுக்கலாம் என்று முடிவாயிற்று. அந்தக் கப்பல் வந்தபோது அதற்கடுத்த கப்பலைப் பற்றிப் பேச்சு வந்தது.

தங்கமாரியப்பன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்தார். அவருக்கு வேண்டிய பெட்டி அடுக்களையில், குளிர்பெட்டிக்கு மேலேயே இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன் அவரே பொருத்தியது. சொல்வலைக்கு வேண்டிய நினைவகத்தைப்போல் ஒன்றரை மடங்கு அதில் உண்டு. அது என்ன வேலை பார்த்தது தெரியுமா? தக்காளி எண்ணியது. பால் தீரப்போகிறது என்று சொன்னது. யானையைக் கட்டிவைத்து ஊறுகாய் ஜாடிக்கு மூடி திறக்கச் சொன்ன மாதிரி.

அது மட்டுமில்லை. அதற்கப்புறம் வந்த பெட்டிகள் எல்லாவற்றிலும் இதமாக்கி என்று ஒன்று இருந்தது. பேச்சு வெளியே போவதற்கு முன் அதைச் சலித்து, காரத்தை எடுத்துவிட்டுச் சர்க்கரை போட்டு அனுப்பும். மூடிய வீடுகளுக்குள் சண்டை வளரக்கூடாது என்று நல்லெண்ணத்தில் வைத்தார்களாம். விளம்பரக் கையேட்டின் பத்தொன்பதாம் பக்கத்தில் அதன் பெயர் மேம்பட்ட உரையாடல் அனுபவம். முப்பத்தொரு பெட்டிக்கும் விசிறிச் சத்தம் வரை அளந்த சுடலைமணி அந்தப் பக்கத்துக்குப் போகவே இல்லை. தங்கமாரியப்பனுக்குத்தான் அதன் லட்சணம் தெரியும். ஒருமுறை பம்பு நிலையத்தில் குழாய் வெடிக்கப்போகிறது, ஓடுங்கள் என்று ஓர் ஆள் ஒலிபெருக்கியில் கத்தினான். புதுப் பெட்டி அதை, நேரம் கிடைக்கும்போது குழாயைச் சற்றுக் கவனிக்கவும் என்று சொல்லிற்று. அன்றைக்கு இரண்டு பேருக்குக் கை போயிற்று. இவர் அந்த இதமாக்கியைக் கழற்றப் பார்த்து, முடியாமல், பெட்டியையே பிடுங்கி எறிந்துவிட்டுப் பழையதை மாட்டினார்.

அப்படிப்பட்ட ஒன்றைத்தான் இப்போது தன் தலையில், சாகும்வரைக்கும் கட்டப்போகிறார்கள். அவர் இடது கையை நீட்டி அடுக்களையைக் காட்டினார். "கிடுகு, கிடுகு."

பசிக்கிறது போலிருக்கிறது என்று சண்முகக்கனி இட்லி கொண்டுவந்தாள்.

அவர் தலையை ஆட்டி மறுபடி காட்டினார். சட்னி வந்தது. இன்னும் உக்கிரமாகக் காட்டினார். மிளகாய்ப்பொடி வந்தது. வாயை இறுக மூடிக்கொண்டார். உப்புக் குறைச்சலாக இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். ஒரே நாளில் ஏழு தடவை காட்டினார், ஏழு தடவையும் ஊட்டினார்கள். இருபது நாளில் நாலு கிலோ கூடியிருந்தார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கட்டிலிலிருந்து விழுந்து, இடது முழங்கையால் நகர்ந்து நகர்ந்து அடுக்களை வாசல்வரை போய்விட்டார். சுடலைமணி ஓடிவந்து குழந்தையைப்போல் தூக்கிக்கொண்டு திரும்பினான். அத்தானுக்கு என்ன ரோஷம் பாரு, தானே எடுத்துப்போட்டுச் சாப்பிடணும்னு நினைக்கிறார் என்று கண் கலங்கினான். அத்தானுக்கு அவன் காதைக் கடித்துத் துப்பலாம்போல இருந்தது.

ஒரு மனுஷனுக்கு வாய் வாங்கிக்கொடுக்க ஒரு தெருவே கூடிப் பேசுகிறது. அந்த வாய் யாருக்கு வேண்டுமோ அவரிடம் கேட்கலாம் என்று ஒருத்தருக்குத் தோன்றவில்லை. பேசமுடியாதவர்தானே, அவருக்கு என்ன தெரியும் என்கிற நினைப்பு. பாசத்துக்கு ஒன்றும் குறைவில்லை. பாசத்தை வைத்துத்தான் அவர் வாயை அடைத்தார்கள், இட்லியோடு சேர்த்து.

நாற்பதாம் நாள் டாக்டர் மெர்சி வந்து சத்தம் போட்டாள். இன்னுமா வாங்கவில்லை, ஐந்து நாள்தான் இருக்கிறது, படத்தையாவது அவரிடம் காட்டி எது வேண்டுமென்று கேளுங்கள் என்றாள். தங்கமாரியப்பனுக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது, ஒரு கைதான் வேலை செய்தது. சுடலைமணி முப்பத்தொரு படங்களையும் ஒரு பெரிய தாளில் எடுத்துக்கொண்டு வந்து மார்மேல் விரித்தான். எல்லாம் புதுப் பெட்டிகள். அடுக்களைப் பெட்டிக்குப் படம் ஏது? அவர் ஆத்திரத்தில் தாளை ஓங்கி அறைந்தார். உள்ளங்கை ஒரு படத்தின்மேல் விழுந்தது. இருப்பதிலேயே புதுசு, இருப்பதிலேயே சின்னது.

"இந்தா பாருக்கா, அத்தானே சொல்லிட்டாரு," என்றான் சுடலைமணி.

நாற்பத்துமூன்றாம் நாள் பெட்டி வந்தது. தீப்பெட்டி இரண்டை ஒட்டினாற்போல இருந்தது. எல்லோரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள், கையில் வைத்து எடை பார்த்தார்கள், விசிறிச் சத்தமே இல்லையே என்று காதில் வைத்தும் கேட்டார்கள். வீட்டின் வெப்பப் பங்குக்குள் இரண்டு பெட்டி அடங்காது என்பதால், கொண்டுவந்தவர் பழசை எடுத்துக்கொண்டு புதுசைக் கொடுக்கும் திட்டம் இருப்பதாகச் சொன்னார். சண்முகக்கனி அடுக்களைக்குப் போய்க் குளிர்பெட்டிமேல் இருந்ததை எடுத்து, தூசி தட்டி, வந்த ஆள் கையில் கொடுத்தாள். தங்கமாரியப்பன் கட்டில் அதிரும்படி கத்தினார். கிடுகு கிடுகு என்று தெருக்கோடிவரை கேட்டது. புதுப் பெட்டி வந்த சந்தோஷம் என்று ஆறுமுகநயினார் அர்த்தம் சொன்னார்.

சொல்வலையை மாட்டும்போது அவர் இடது கையால் பிய்த்தெறியப் பார்த்தார். பயப்படாதீங்க, நான் இருக்கேன்லா என்று சண்முகக்கனி அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு நாளில் வலை பழகிவிட்டது. நாற்பத்தைந்தாம் நாள் காலை, வீட்டை நிமிர்த்தி முடித்தபின், டாக்டர், தம்பி, பக்கத்து வீட்டார் எல்லோரும் சூழ்ந்து நிற்க, அவர் முதன்முதலாகப் பேசினார்.

கூறுகெட்டவங்களா, அடுக்களையில கெடந்த பெட்டியத் தூக்கிக் குடுக்கச் சொன்னது எவன்ல என்பதுதான் அவர் நினைத்தது.

"அன்பு உள்ளங்களே," என்றது பெட்டி, நன்றாகக் கனிந்த ஆண்குரலில். "பழைய பெட்டியை உரிய நேரத்தில் மாற்றிக்கொடுத்த கைகளுக்கு என் மனமார்ந்த நன்றி."

அறையில் எல்லோரும் அழுதுவிட்டார்கள். டாக்டர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தங்கமாரியப்பன் பம்பு நிலையத்தில் கற்ற அத்தனை வசவையும் வரிசையாக அவிழ்த்துவிட்டார். ஆறுமுகநயினாரின் பரம்பரையே அதில் அடிபட்டது. பெட்டி ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி நலம் விசாரித்தது. பக்கத்தில் இருந்த தம்ளரை எடுத்து மைத்துனன் மண்டைக்குக் குறிவைத்து எறிந்தார். குறி தப்பிவிட்டது.

"கை நழுவிவிட்டது, மன்னிக்க வேண்டும்," என்றது பெட்டி.

சண்முகக்கனி கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தம்பியிடம் சொன்னாள். "முப்பது வருசமா இந்த மனுசன் வாயிலேர்ந்து ஒரு நல்ல சொல்லு வராதான்னு காத்துக் கெடந்தேன்ல. இன்னைக்குத்தான் வந்திருக்கு."

அது அவருக்கு எங்கேயோ போய்த் தைத்தது. கத்துவதை நிறுத்தினார். அவள் முகத்தையே பார்த்தார். முப்பது வருஷத்தில் ஒன்றுமே சொல்லவில்லையா? தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. இப்போது சொல்லலாம்தான். ஆனால் முதலில் அவளுக்கு உண்மை தெரியவேண்டும். கனி, இது நான் இல்ல என்று ஆத்திரமே இல்லாமல், நிதானமாக நினைத்தார்.

"கனி, இதுதான் நான்," என்றது பெட்டி.

அவள் அவர் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

சுடலைமணிக்குப் பெருமை தாங்கவில்லை. சும்மா ஒன்றும் இதை வாங்கிவிடவில்லை அத்தான், நீங்கள் கைவைத்துக் காட்டியதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காமல் விசாரித்தேன் என்றான். இதே பெட்டியில் பேசுகிற பதினோரு நோயாளிகள் தங்கள் அனுபவத்தைத் தாங்களே பேசிப் பதிவு செய்திருக்கிறார்கள், ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லை என்று அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுக்காட்டினான். பதினோரு பேரும் கனிந்த குரலில் பேசினார்கள். இந்தப் பெட்டி எனக்கு மறுபிறவி தந்தது. என் குடும்பத்தாருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். நான்காவதாகப் பேசியவர் சாமியடியான், பம்பு நிலையத்தில் இவரோடு வேலை பார்த்தவர். தண்ணீர் கொடுத்தாலும் திட்டிவிட்டுத்தான் குடிப்பார். திரையில் அவர் கழுத்து நரம்பு புடைத்து, கண் சிவந்து, வாய் கோணியிருந்தது. என் மனம் அமைதியால் நிறைந்திருக்கிறது என்று அவருடைய பெட்டி சொல்லிக்கொண்டிருந்தது.

தங்கமாரியப்பனுக்கு விளங்கிவிட்டது. பதினோரு பேரும் கதறியிருக்கிறார்கள். அந்தக் கதறலைக் கேட்டுத்தான் இவனும் வாங்கியிருக்கிறான்.

நீங்களும் நாலு வார்த்தை சொல்லுங்க அத்தான், வாங்கப்போறவங்களுக்கு உதவியாக இருக்கும் என்று சுடலைமணி பதிவுக் கருவியை நீட்டினான். தங்கமாரியப்பன் இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டிக்கொண்டார். திட்டினால்தானே இனிக்கும், திட்டாமல் சொல்லிப் பார்ப்போம் என்று ஒரு வசவுகூட இல்லாமல் நினைத்தார். ஐயா, அம்மா, இந்தப் பதினோரு பேரும் அழுகிறார்கள். நானும் அழுகிறேன். தயவுசெய்து இதை யாரும் வாங்காதீர்கள்.

"ஐயா, அம்மா, இந்தப் பதினோரு பேரும் ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறார்கள். நானும் வடிக்கிறேன்," என்றது பெட்டி. "தயங்காமல் வாங்குங்கள்."

சுடலைமணி ஐந்து நட்சத்திரம் போட்டு ஊர்ப் பலகையில் ஏற்றினான். ஆறுமுகநயினார் வாசலிலேயே நின்று தனக்கும் ஒன்று சொல்லிவைத்தார். உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி, உங்க பேச்சு நல்லாத்தானே இருக்கு என்று சண்முகக்கனி கேட்டாள்.

"வீட்டுல பேசுததுக்குத்தான் மதினி," என்றார் அவர். "நாம பேசினா எங்க சரியா வருது?"

சாயங்காலத்துக்குள் புதுக் கயத்தாற்றில் முப்பத்திரண்டு பேர் அந்தப் பெட்டிக்குச் சொல்லிவைத்துவிட்டார்கள். வாய் பேசமுடியாதவர் அதில் ஒருத்தர்கூட இல்லை.