முப்பத்திரண்டு தலைகளுக்கு ஒரு வில்லை

தலைக்குள் திருட்டுப் பதிவைத் தேடும் துழாவியில் சிவப்பு விளக்கு எரிந்தால் முப்பத்திரண்டு பிள்ளைகளின் நினைவும் துடைக்கப்படும். கோடை முகாமுக்கும் அன்றே பூட்டு.

நூலகர் ரெஜினா ஒப்பந்தத்தை மேசைமேல் எடுத்து வைத்தாள். முத்துக்கரை கிளை நூலகத்தின் பாயில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே மதிநிறை நிறுவனத்தின் சோதனை அதிகாரி குணசிங், சுரைக்காய் அளவு துழாவியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“ஒரு வில்லை, ஒரு தலை. ஒப்பந்தத்தைப் படிச்சீங்களா மேடம்?”

“வரி விடாம படிச்சேன் சார்.”

“அப்புறம் நேத்து இந்தத் தெரு உப்புநீக்கி நின்னப்போ எங்க மெக்கானிக் வர்றதுக்குள்ள யாரு சரி பண்ணது?”

“நான்தான்!” என்று எழுந்தான் மாசானம். வயது ஒன்பது. ரெஜினா அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அது 2094. படிப்பு என்பது நகத்தளவு மதிவில்லையாகச் சுருங்கிவிட்ட காலம். வில்லையைப் பதிதொப்பியில் செருகித் தலையில் மாட்டினால் மூன்றே நிமிடத்தில் கணக்கோ நீச்சலோ மூளையில் ஏறிவிடும். வசதியுள்ளவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். தவணை முடிந்ததும் ஏறியது தானாக இறங்கிவிடும்.

நூலகத்தின் இலவசக் கோடை முகாமுக்கு நிறுவனம் தர்மமாக ஒரே ஒரு வில்லையைக் கொடுத்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் உப்புநீக்கியின் பழுதுபார்ப்பு. கொடுத்த கையோடு புகைப்படமும் எடுத்துக்கொண்டது. நூலகப் புத்தகம் மாதிரியே இரவல். தலைக்குப் பதினாலு நாள். முதல் முறை பதினொரு வயது பெர்னதெத்துக்கு வந்தது. வரிசையில் கடைசியாக நின்ற சபூராவுக்கு அடுத்த வருடம் ஜூலையில்தான் வரும். முகாமோ மே மாதத்தோடு சரி.

காத்திருக்கும் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா?

“ஏட்டி பெர்னதெத்து, உள்ள என்ன ஓடுதுன்னு சொல்லுட்டி,” என்று சபூரா முதல் நாளே நச்சரித்தாள்.

“சொன்னா புரியாது. எந்திரிங்க எல்லாரும்.”

பத்துப் பேர் கைகோத்து, உப்பை வடிகட்டும் சவ்வாக நின்றார்கள். ஒல்லிப் பிள்ளைகள் தண்ணீர். மாசானம் உப்பு.

“நான் ஏன் உப்பு?”

“நீதாம்லே இடுக்குல நுழைய மாட்ட!”

கூடமே அதிர்ந்தது. அமைதி காக்கவும் என்ற பலகைக்குக் கீழேதான் அத்தனை கூத்தும். தடுக்க வேண்டிய ரெஜினா பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். பதினைந்தாம் நாள் பெர்னதெத் விழித்தபோது எல்லாம் போயிருந்தது. அழுதுகொண்டு வந்தவளைச் சபூரா தண்ணீர் வரிசையில் நிறுத்தினாள். இரண்டே நாளில் அவளுக்கும் திரும்ப வந்துவிட்டது. அதன்பின் வில்லையை யாரும் கேட்கவே இல்லை; அது ரெஜினாவின் மேசை இழுப்பறையில் கிடந்தது.

இப்போது துழாவி முதல் தலையைத் தொட்டது. வெள்ளை விளக்கு, அதாவது பதிவு இல்லை. இரண்டாவது தலை. வெள்ளை. பெர்னதெத் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அதுவும் வெள்ளை! முப்பத்திரண்டாவதாகச் சபூரா. வெள்ளை.

“மெஷின்ல கோளாறு,” என்ற குணசிங் மாசானத்திடம் திரும்பினார். “தம்பி, அழுத்தம் சரியா இருந்தும் நல்ல தண்ணி வரலைன்னா என்ன பண்ணுவ?”

“சவ்வுல அழுக்கு அடைச்சிருக்கும் மாமா. உப்பு, பாசி எல்லாம். கரைசல் ஊத்தி அலசணும். நேத்து அதான் செஞ்சேன்.”

“தெரியுதே! பதிவு இல்லாம எப்படித் தெரியும்?”

ரெஜினாவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. தொப்பி போட்டதைத்தான் தொப்பியின் தம்பியான துழாவி கண்டுபிடிக்கும். கூத்தடித்துக் கற்றதை அது எங்கே தேடும்? மேசையிலிருந்த ஒப்பந்தத்தைப் புரட்டினாள்.

“ஏழாம் பக்கம் சார். ‘அறிவு என்பது பதிதொப்பியால் பதியப்பட்டது மட்டுமே.’ உங்க வக்கீல் எழுதுனது. பதிவு இல்லை. அப்போ இந்தப் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அப்படியே எழுதிக் கொடுங்க.”

குணசிங் துழாவியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். வேறு வழியில்லை. ‘முப்பத்திரண்டு பேருக்கும் எதுவும் தெரியாது. முகாம் தொடரலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“எங்களுக்கு ஒண்ணும் தெரியாது!” பிள்ளைகள் கூரை பிய்ந்துபோகக் கத்தினார்கள். மாசானம் மேசைமேல் ஏறியே ஆடினான்.

சுவர்க் கடிகாரம் ஐந்து அடித்தது. குணசிங்கின் முகத்தில் ஏதோ அணைந்தது. தான் கையெழுத்திட்ட தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

“மேடம், இதுல என்ன எழுதியிருக்கு?”

ஆட்டம் நின்றது.

“உங்களுக்கு வாசிக்கத் தெரியாதா மாமா?” என்றாள் சபூரா.

“அஞ்சு மணி வரைக்கும் தெரியும் பாப்பா. எங்க ஆபீஸ்ல எல்லாமே டூட்டி நேரத்துக்கு மட்டும்தான் ஏத்துவாங்க.”

முகாமின் வயது வரம்பு பதினாலு. ரெஜினா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மாசானம் இறங்கி வந்து பாயில் நகர்ந்து உட்கார்ந்தான். குணசிங் ஷூவைக் கழற்றினார். அன்று அவர் கற்றது ஓர் எழுத்து. மறுநாள் காலையிலும் அது அவரிடமே இருந்தது.

அதற்கடுத்த திங்கட்கிழமை மாலை ஐந்தே கால். நிறுவனத்தின் தானோட்டிப் பேருந்து நூலக வாசலில் வந்து நின்றது. சீருடையோடு நாற்பது பேர் இறங்கினார்கள். கடைசியாகத் தலையைக் குனிந்தபடி இறங்கியவர், பதிதொப்பியை வடிவமைத்த தலைமைப் பொறியாளர்.

சபூரா வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“ஒருத்தருக்குச் சொல்லும்போது மத்தவங்களும் கேக்கலாம் மாமா. இங்க அது குத்தமில்ல. எல்லாரும் உள்ள வாங்க!”