கடலில் விடாத சேலை

கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் போட்ட சேலை மூன்று நாளாகியும் காயவில்லை.

வில்லாபுரத்து வெயில் ஈரத்துணியை அரைமணி நேரத்தில் அப்பளமாக்கிவிடும். வித்யாஸ்ரீயின் கருநீலச் சுங்குடி மட்டும் கொடியில் கனத்துத் தொங்கியது. முந்தானை நுனியிலிருந்து ஒரு சொட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. கீழே தளத்தில் உப்புப் பூத்து வெள்ளையாகப் படிந்திருந்தது.

பக்கத்து மாடியில் வத்தல் கிளறிக்கொண்டிருந்த முத்துத்தாய் எட்டிப் பார்த்தாள்.

"என்ன வித்யா, மூணு நாளா ஒரே சேலையவே காயப்போடுற? ராமேஸ்வரத்துல இம்புட்டு அழுக்கா?"

"கெட்டித் துணிக்கா. காய மாட்டேங்குது."

"என் வத்தல் காஞ்சு சலசலங்குது. ஒஞ் சேலைக்கு மட்டும் தனியா மழை பெய்யுதாக்கும்!"

சிரித்துக்கொண்டே முத்துத்தாய் இறங்கிப் போனாள். வித்யாஸ்ரீக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சேலை இங்கே இருக்கவே கூடாது.

மாமனார் இறந்து வருஷம் திரும்பியதென்று, புருஷன் ஸ்ரீநாத்தோடு ராமேஸ்வரம் போயிருந்தாள். முங்கி எழுந்த துணியைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். "பழசு எதையாவது கட்டிக்கிட்டுப் போ. விட மனசு வரணும்ல," என்று மாமியார் சூடாமணி படித்துப் படித்துச் சொன்னாள். இவள் கேட்கவில்லை. நான்கு மாதம் நகத்தால் கிள்ளிக் கிள்ளி முடிச்சுப் போட்ட சேலை, மாமனார் ஆசையாய்ப் பார்த்த சேலை என்று அதையே கட்டினாள். ஸ்ரீநாத் வேட்டியை அலையில் விட்டான். அவள் சேலையை விடவில்லை; பிறகு மாற்றும்போது பிழிந்து பையில் திணித்துக்கொண்டாள். பாவம், நாலாயிரம் முடிச்சை விட யாருக்குத்தான் மனசு வரும்?

அது ஒன்று மட்டும் என்றால் பரவாயில்லை.

காரியம் முடிந்ததும், சேலை மாற்றுவதற்கு முன்னால், அலை ஓங்கி அடிக்கும் ஆண்கடலைப் பார்த்துவிட்டு வருவோம் என்று ஸ்ரீநாத்தான் கூட்டிப் போனான். சவுக்குத் தோப்பின் இரைச்சல், காயும் நெத்திலியின் வாடை, காலடி கேட்டதும் வளைக்குள் மறையும் நண்டுகள். இடுப்பில் சாக்குப் பையும் விரல்களில் கருப்புத் துணிச் சுற்றுமாக, பாறையோரம் முங்கிப் பாசி எடுக்கும் பெண்கள். இவர்கள் இருவரும் முழங்கால் தண்ணீரில்தான் நின்றார்கள். ஒரே அலை. காலுக்குக் கீழே மணல் இல்லை.

அவளுடைய ஒரு கையில் அங்கே நின்ற படகின் நங்கூரக் கயிறு, மறு கையில் பாறையில் மோதி நினைவிழந்த ஸ்ரீநாத்தின் தலைமுடி. அப்போதுதான் பாசிக்காரி ஒருத்தி நீந்தி வந்தாள்.

"கயித்த விடு தாயி, என்னையப் பிடிச்சுக்க. பிடிச்சுக்க!"

முந்தானையைப் பற்றிக் கரைப் பக்கம் இழுத்தாள். கயிறு கையிலிருந்து நழுவியது. தன்னையும் புருஷனையும் முக்கப் பார்க்கிறாள் என்றுதான் வித்யாஸ்ரீக்குத் தோன்றியது. உதைத்தாள். நெஞ்சில் ஒன்று. முகத்தில் ஒன்று. மூக்கெலும்பு நொறுங்கியது குதிகாலில் தெரிந்தது. தண்ணீர் சிவந்தது. துணி சுற்றிய அந்த விரல்கள் அப்போதும் விடவில்லை. மூன்றாவது உதை விரல்களில். அதற்குப் பிறகு விட்டன. அடுத்த அலை இவர்கள் இருவரையும் கரையில் தள்ளியது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்ரீநாத்துக்குப் பாறை கிழித்த விரல்களில் கட்டுப் போட்டுக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார்கள்.

வந்த நாளிலிருந்து அவன் இருமுகிறான். காலையில் தலையணை நனைந்து கிடக்கிறது. நாக்கில் தொட்டுப் பார்த்தால் உப்பு.

இன்று காலை செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நாம குளிச்ச எடத்துலதான் வித்யா. செல்லத்தாய்னு ஒரு அம்மா, பாசி எடுக்கறவங்களாம், கரை ஒதுங்கியிருக்காங்க. மூஞ்சியே இல்லையாம். பாறையில மோதியிருப்பாங்க போல." சொல்லி முடிப்பதற்குள் இருமல். உள்ளங்கையில் பச்சையாக ஒரு இழை பாசி.

"ஏங்க, அந்தச் சேலைய இன்னைக்கே கொண்டுபோய்க் கடல்ல விட்டுடலாம்ங்க."

"நான் செத்தா போயிட்டேன்? கொஞ்சம் படுத்துக்கறேன். அப்புறம் போவோம்."

அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். போகப் போக அவன் மூச்சில் தண்ணீர் களகளப்பது கதவைத் தாண்டியும் கேட்டது. அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் குளித்தாள். வெளியே வந்தபோது அந்தச் சத்தம் இல்லை. தூங்கிவிட்டான் போல. எழுப்ப வேண்டாம், தானே ஒற்றையாய்ப் போய்விட்டு வந்துவிடலாம் என்று மாடிப்படி ஏறினாள்.

உச்சி வெயில். நிழலே இல்லை. அவனியாபுரம் ரோட்டில் எப்போதும் கத்தும் பஸ் ஹாரன் எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகத் தரையோடு தரையாக ஓர் இரைச்சல், சவுக்குத் தோப்பில் கேட்டது போலவே, நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கி வந்தது. நெத்திலி வாடை. காலடியில் நறநறவென்று மணல்.

காற்று இல்லை. சேலை புடைத்திருந்தது.

உள்ளே ஓர் ஆள்.

முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவரை ஒட்டி, தலையோடு கால் சுற்றிக்கொண்டு திணறியது. முந்தானையைப் பற்றியபடி ஒரு கை வெளியே வந்தது.

விரல்களில் துணிச் சுற்று.

"பிடிச்சுக்க..."

பெண் குரல். தண்ணீருக்கு அடியிலிருந்து.

உதைத்தாள். நெஞ்சில். முகத்தில். குதிகாலில் அதே நொறுங்கல்.

"வித்யா..."

கேட்டது. கால் நிற்கவில்லை. விரல்களில். மூன்றாவது.

விட்டன.

கீழே சிமெண்டுத் தெருவில், தேங்காய் உடைந்தது போல ஒரு சத்தம்.

அறைக்கதவு திறந்தே கிடந்தது இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. குளித்து வந்தபோது பார்த்தாளே. பார்த்தும் மனதில் பதியவில்லையே. கைப்பிடிச் சுவரோரம் ஒரு முழம் வெள்ளைக் கட்டுத்துணி அவிழ்ந்து கிடந்தது.

எட்டிப் பார்த்தாள். ஸ்ரீநாத் குப்புறக் கிடந்தான். அவனுக்கு அடியிலிருந்து தண்ணீர் பரவிக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர். நுரையோடு.

முத்துத்தாய் எங்கோ அலறினாள்.

அவன் விழுந்தபோது அவிழ்ந்து அவள் கையில் தங்கிய சேலை மொடமொடவென்று காய்ந்திருந்தது. முந்தானை மட்டும் ஈரம். அது சுவரைத் தாண்டி வெளியே போய், விறைத்து, கீழ்நோக்கி இழுபட்டது. மறுபடி இழுபட்டது. ஒவ்வொரு இழுப்புக்கும் இன்னும் கொஞ்சம் மேலே.

சுவரின் விளிம்பில் ஒரு விரல் ஏறியது. கருப்புத் துணி சுற்றியது. பிறகு இன்னொன்று.