ஜலதோஷம் பிடித்த ஹாரன்

சாதிக் மாமாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. அதிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு நேராகத் தங்கை மகள் ரிஸானாவின் வீட்டு வாசலுக்கு வருவார். காரின் உறையை உருவுவார். உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்து ஸ்டார்ட் செய்வார். ஹாரனை இரண்டு முறை அடிப்பார். தெரு எழுந்துவிட்டதா என்று ஒரு பார்வை. உடனே காரை அணைத்து, உறையை மாட்டிவிட்டுப் போய்விடுவார்.

“மச்சான் வண்டி. சும்மா போட்டா கெட்டுரும்லா? அதான் தினமும் உசுப்பி விடுதேன்” என்பார் பெருமையாக.

மச்சான் என்பது ரிஸானாவின் வாப்பா. அவர் சவுதியில் வேலை பார்க்கிறார். இதுவரை அந்தக் காரை ஓட்ட வீட்டில் ஆள் இல்லை; மாமாவுக்கும் ஸ்டார்ட் செய்ய மட்டும்தான் தெரியும். இப்போது உம்மா சாஜிதா பானு ஓட்டப் பழகி, லைசென்ஸும் வாங்கிவிட்டாள். வாசுதேவநல்லூரில் ஞாயிற்றுக்கிழமை தோழி வீட்டுக் கல்யாணம். “நானே கார் ஓட்டிட்டு வாரேன், பாரு!” என்று தோழிக்கு வாக்கும் கொடுத்துவிட்டாள். புதன்கிழமை முதல்முறையாக அந்தக் காரை எடுத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

வியாழக்கிழமை காலை மாமா சாவியைத் திருகினார்.

“டக்... டக்...”

அவ்வளவுதான். எதிர்வீட்டுச் செல்லப்பா அண்ணாச்சி தம் லோடு வேனைப் பக்கத்தில் கொண்டுவந்தார். இரண்டு வண்டியின் பேட்டரிகளையும் தடித்த வயர்களால் இணைத்தார். கார் உறுமிக்கொண்டு எழுந்தது.

“உயிர் வந்துட்டு!” என்று மாமா காரை அணைத்தார். பிறகு தெருவே கேட்கும்படி சொன்னார்: “நேத்து பொம்பள கை பட்டுச்சு, இன்னைக்குப் படுத்துட்டு. சாஜிதா, சாவி இனிமே என் பையில இருக்கட்டும். கல்யாணத்துக்கு பஸ்ஸுல போ.”

உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

ரிஸானாவுக்குக் காது சூடானது. அந்தச் சாவி உம்மாவின் கைக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தாள்.

அவளுக்கு ஒன்று தெரியும். தினமும் அவளை எழுப்புவதே அந்த ஹாரன்தான். முன்பெல்லாம் ‘பாம்! பாம்!’ என்று கட்டிலையே உலுக்கும். போன வாரமோ ஜலதோஷம் பிடித்த ஆடுபோல ‘மே... மே...’ என்றுதான் முனகியது. அப்போது உம்மா காரைத் தொட்டதுகூட இல்லையே!

வெள்ளிக்கிழமை காலையும் “டக்... டக்...”

“மாமா, சாவி உங்க பையிலதான இருந்துச்சு? உம்மா தொடவே இல்லையே?”

“ஏட்டி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாவுது. போ, போ!”

போகிற வழியில்தான் எபினேசர் அண்ணாச்சியின் பேட்டரிக் கடை. ரிஸானா புத்தகப் பையோடு உள்ளே நுழைந்தாள்.

“அண்ணாச்சி, பேட்டரிக்கு என்ன சீக்குன்னு பாப்பீங்களா?”

“பாப்பேனே. வண்டியைக் கொண்டா மக்கா.”

“வண்டி வராது அண்ணாச்சி. அதுதான சீக்கே! நீங்கதான் வரணும்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சனிக்கிழமை காலை மீட்டரோடு வந்தும் விட்டார். மாமா முறைத்தார். ஆனாலும் வீடு தேடி வந்தவரைத் திருப்பி அனுப்பினால் மரியாதையில்லை என்று பானெட்டைத் திறந்துவிட்டார். செல்லப்பா அண்ணாச்சி டீ கிளாஸோடு வேடிக்கை பார்க்க வந்தார். பின்னால் நாலு பேர் கூடினார்கள்.

எபினேசர் சோதித்துவிட்டுத் தலையை ஆட்டினார். “வயசான பேட்டரி. இனி தாங்காது, மாத்தணும். நேத்து முந்தாநாள் வந்த சீக்கு இல்ல இது.”

ரிஸானா அடக்கிவைத்திருந்த கேள்வியைக் கேட்டாள். “ஓட்டாம, கொஞ்ச நேரம் மட்டும் ஸ்டார்ட் பண்ணி அணைச்சா பேட்டரிக்கு நல்லதா அண்ணாச்சி?”

“எங்கன நல்லது? ஸ்டார்ட் ஆகுறதுக்கே ஏகப்பட்ட கரண்டைத் தின்னுரும். தின்னதைத் திருப்பி ஏத்தணும்னா நல்லா தூரமா ஓட்டணும். தினமும் உசுப்பிட்டு உடனே அணைச்சா, சம்பளம் குடுக்காம வேலை வாங்குற மாதிரி. யாரு வே அப்படிச் செஞ்சது?”

மாமாவின் முகம் சுருங்கியது. சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். உள்ளே சாவி.

ரிஸானா மாமாவைப் பார்த்தாள். ஒரு பெயரைச் சொன்னால் போதும், உம்மாமேல் விழுந்த பழி அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் தினமும் தவறாமல் வந்தவரும் அவர்தானே?

“எங்க வீட்டுலதான் அண்ணாச்சி. எங்க யாருக்கும் தெரியாது. வண்டி நல்லா இருக்கட்டும்னுதான் செஞ்சோம்” என்றாள்.

மாமா தொண்டையைச் செருமினார். “நல்ல பேட்டரியாப் பாத்து மாட்டுங்க, எபினேசர்” என்றார். பிறகு வாசலில் நின்ற உம்மாவிடம் போனார். இப்போதும் தெரு கேட்கும்படிதான் பேசினார்.

“சாஜிதா, இந்தா சாவி. உன் கையில ஒரு குத்தமும் இல்ல. வண்டியைச் சும்மா போடாம நீ ஓட்டணும், என்ன?”

ஞாயிற்றுக்கிழமை உம்மா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். பின்னால் ரிஸானா. முன்னால், பெல்ட்டை இறுகப் பிடித்தபடி மாமா.

“அண்ணே,” என்றாள் உம்மா, “கிளம்புறதுக்கு முன்னாடி ஹாரன் மட்டும் நீங்களே அடிங்க.”

மாமா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எட்டி அழுத்தினார்.

‘பாம்! பாம்!’

எதிர்வீட்டில் செல்லப்பா அண்ணாச்சியின் டீ பாதி அவர் வேட்டியிலேயே கொட்டியது. கார் வாசுதேவநல்லூர் பார்த்துப் புறப்பட்டது.